நகலிலும் காணாமற்போன படங்கள்

கேள்வி: என் உபுண்டு கணினியின் கோப்புகளை ஆர்சிங்க் கட்டளை மூலம் இரவுதோறும் வெளி வன்தட்டுக்கு நகலெடுக்கிறேன். மகளின் படங்கள் இருந்த கோப்புறையைக் கைதவறி நீக்கிவிட்டேன். மறுநாள் பார்த்தால் நகலிலும் அது இல்லை. எங்கே பிழை?

பதில்: முதலில் அந்த வன்தட்டைக் கழற்றி வையுங்கள். நீக்கிய கோப்பின் தரவு, அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை பெரும்பாலும் தட்டிலேயே கிடக்கும் என்பதால், போட்டோரெக் என்னும் கட்டற்ற மென்பொருளால் படங்களை மீட்க வாய்ப்பிருக்கிறது. மீட்பவற்றை வேறொரு தட்டில்தான் சேமிக்க வேண்டும்.

உங்கள் கட்டளையில் 'டெலீட்' தெரிவு இருந்திருக்கும். மூலத்தில் இல்லாததை நகலிலிருந்தும் அகற்றுவதே அதன் வேலையாகையால், உங்களிடம் இருந்தது மூலத்தின் பிம்பமே தவிர, காப்புநகல் அன்று. அதற்குப் பதிலாக நாளுக்கொரு கோப்புறை உருவாக்கி, 'லிங்க்-டெஸ்ட்' தெரிவில் முந்தைய நாளின் கோப்புறையைக் குறிப்பிடுங்கள். மாறாத கோப்புகள் பழைய நகலோடு வன் இணைப்பால், அதாவது தட்டிலுள்ள ஒரே தரவுக்கு இன்னொரு பெயர் தரும் முறையால், பிணைக்கப்படுவதால், 100 ஜிபி படங்களில் அன்று புதியவை 2 ஜிபி என்றால், தட்டில் கூடுவதும் ஏறத்தாழ அந்த 2 ஜிபிதான். ஆனால் ஒவ்வொரு நாளின் கோப்புறையும் முழுமையாகவே தெரியும். தட்டு இஎக்ஸ்டி4 என்னும் லினக்ஸ் கோப்பு முறைமையில் வடிவமைக்கப்பட்டிருப்பது நல்லது. எக்ஸ்ஃபேட் என்னும் கோப்பு முறைமை வன் இணைப்பை ஏற்காது.

இன்னொன்று, நானே பட்டறிந்தது: வன்தட்டு இணைக்கப்படாத இரவில் ஆர்சிங்க், அந்தத் தட்டு இணையவேண்டிய வெற்றுக் கோப்புறைக்குள்ளேயே எழுதி, கணினியின் சொந்தத் தட்டை நிரப்பிவிடும். 'மவுண்ட்பாயிண்ட்' கட்டளையால் இணைப்பைச் சரிபார்த்த பின்னரே நகலெடுப்பு தொடங்குமாறு உங்கள் ஸ்கிரிப்டை (இரவுதோறும் ஓடும் கட்டளைத் தொகுப்பை) திருத்திக்கொள்ளுங்கள்.