பனிச்சரிவு: நெல்லை மலையேறிகள் கேட்டவையும் பதில்களும்

குளிர்கால விடுமுறையில் இமயமலைக்குச் செல்ல ஆயத்தமாகும் நம் பகுதி நண்பர்களின் கேள்விகளுக்கு, பனிமலைப் பயணத்தில் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டை, கல்லூரி மாணவர்: ஐயா, அகத்தியர் மலை ஏறிய அனுபவம் எங்களுக்கு உண்டு. டிசம்பர் கடைசியில் உத்தரகண்டின் கேதார்கண்டாவுக்குச் செல்கிறோம். அந்த அனுபவம் போதாதா?

கால் பலத்துக்குப் போதும். பனியை அறிய உதவாது. அகத்தியர் மலையின் 1,868 மீட்டர் உயரத்தில் நமக்குக் கவலை வழுக்குப் பாறையும் அட்டையும் யானையும்தான். பனிமலையிலோ, ஒவ்வொரு பொழிவும் தனித்தனி அடுக்காகப் படிகிறது. கடுங்குளிரில் அடியிலுள்ள அடுக்கு ஒன்றோடொன்று ஒட்டாத உதிரி மணிகளாக மாறியிருக்க, அதன்மேல் காற்று அள்ளிக் கொட்டிய பனி பலகையாக இறுகி நிற்கும். ஒருவர் மிதித்ததும் உதிரி அடுக்கு நொறுங்கி, மேலுள்ள பலகை முழுவதும் ஒரே நேரத்தில் பிளந்து சரியும். மனிதர்கள் சிக்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை சிக்கியவராலோ அவருடைய குழுவினராலோ கிளப்பப்பட்டவையே.

அம்பாசமுத்திரம்: ஆபத்தான சரிவைக் கண்ணால் கண்டுகொள்ள முடியுமா?

கண் ஏமாற்றும், அளந்துவிடுங்கள். ஊன்றுகோலைச் சரிவின்மேல் படுக்க வைத்து, அதன்மேல் கைபேசியைக் கிடத்திச் சாய்வுமானிச் செயலியைப் பார்த்தால் கோணம் தெரியும். இப்படிப் பலகையாகப் பிளந்து இறங்கும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையுள்ள சாய்வுகளில் கிளம்புகின்றன. ஆனால் நீங்கள் நிற்கும் இடம் சமதளமாக இருப்பதால் மட்டும் நிம்மதி கொள்ள முடியாது. மேலே செங்குத்தான சரிவு இருந்தால், அங்கே கிளம்பியது கீழே வந்து சேரும். 2025 பிப்ரவரி 28 அன்று பத்ரிநாத்துக்கு அருகிலுள்ள மாணாவில் சாலைப் பணியாளர்களின் முகாமைப் பனிச்சரிவு மூடியதில் 8 பேர் இறந்தனர். மரங்களில் ஒரு பக்கக் கிளைகள் மட்டும் ஒடிந்திருந்தால், அது முன்பு பனிச்சரிவு இறங்கிய பாதை. அங்கே கூடாரம் அடிக்கலாகாது.

தென்காசி: குற்றாலத்தில் வெள்ளம் வருமுன் தண்ணீர் கலங்கி, இலைதழை மிதந்து வரும். இதற்கும் அப்படி அறிகுறி உண்டா?

உண்டு. அருகிலுள்ள சரிவில் அண்மையில் பனிச்சரிவு இறங்கிய தடம், காலடியில் "உம்ப்" என அமுங்கும் ஓசை, பாதத்திலிருந்து ஓடும் விரிசல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்தச் சரிவை விட்டு விலகுங்கள். பெரும்பொழிவுக்குப் பிந்தைய முதல் நாளும், பலத்த காற்று பனியை மறுபுறம் குவித்த நேரமும், திடீரென வெயில் ஏறும் பொழுதும் மோசமானவை. ஆனால் எந்த அறிகுறியும் காட்டாமலும் சரிவதுண்டு.

வள்ளியூர்: உரக்கக் கத்தினால் பனி சரியுமா?

சரியாது. அதெல்லாம் சினிமா.

சங்கரன்கோவில்: என்னென்ன கருவிகள் வேண்டும்?

ஒவ்வொருவரிடமும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் டிரான்ஸ்ஸீவர் (புதைந்தவரின் இருப்பிடத்தைக் காட்ட, சமிக்ஞையை அனுப்பவும் பெறவும் செய்யும் சிறு கருவி), குத்தித் தேடும் நீண்ட கம்பி, மண்வாரி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டின் பயன் வெகுவாகக் குறைந்துவிடும். புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. அதன்பின் மூச்சுத்திணறலால் வாய்ப்பு வேகமாகச் சரிகிறது. வெளியிலிருந்து மீட்புக் குழு வந்து சேர்வதற்குள் அந்த நேரம் கடந்துவிடும் என்பதால், கூட வந்தவர்களே மீட்பவர்கள். ஆகவே ஐயத்துக்குரிய சரிவை ஒவ்வொருவராகக் கடக்க, மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று அவரைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

களக்காடு, ஒரு தாயார்: அண்ணாச்சி, என் மகன் காஷ்மீரில் ராணுவத்தில் இருக்கிறான். சியாச்சினில் பனிச்சரிவில் புதைந்த ஒருவர் ஆறு நாள் கழித்து உயிரோடு கிடைத்தாராமே?

உண்மைதான், அம்மா. 2016 பிப்ரவரியில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா அவ்வாறு மீட்கப்பட்டார். ஆயினும் சில நாள்களில் மருத்துவமனையில் காலமானார். அது மிக அரிது. பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் சண்டிகர் ஆய்வகம் பனிச்சரிவு முன்னறிவிப்புகளை வெளியிடுகிறது. வீட்டிலிருந்து நீங்கள் கேட்க வேண்டியது, அவன் நேரத்துக்குச் சாப்பிடுகிறானா என்பது மட்டுமே.

திருச்செந்தூர் சாலை, நெல்லை: வழிகாட்டி போகலாம் என்கிறார், எங்களுக்கோ பயம். என்ன செய்வது?

கடைசியாகப் பனி எப்போது பொழிந்தது, இன்றைய முன்னறிவிப்பு என்ன, செங்குத்தான இடத்தை எப்படிக் கடப்போம் என்று கேளுங்கள். மழுப்பினால் திரும்பிவிடுங்கள். பனியால் பயணம் நின்றால் பணத்தை எப்படித் திருப்புவார்கள் என்பதை, முன்பணம் கட்டும்போதே எழுத்தில் வாங்கிக்கொண்டால் அந்த முடிவு எளிதாகும்.