சிப்பிக் காளான் கேள்வி பதில்

காட்டில் முளைக்கும் சிப்பிக் காளான் பற்றிக் கேளுங்கள். வளர்ப்பு, மானியம், விற்பனை எல்லாம் இங்கே வேண்டாம்.

தென்காசி: மலையில் பார்த்தால் எப்படி உறுதி செய்வது?
எதில் முளைத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். சிப்பிக் காளான் பட்ட மரத்தில், அடுக்கடுக்காக வரும். காம்பு ஓரமாக, குட்டையாக இருக்கும். சிலவற்றில் இருக்கவே இருக்காது. குடைக்கு அடியிலுள்ள வரிகள் காம்பின் மேலும் இறங்கி ஓடும். காம்பில் வளையமோ, அடியில் பை மாதிரியோ இருந்தால் தொடாதீர்கள்.

அப்புறம் ஸ்போர் தூள், அதாவது குடையின் வரிகளிலிருந்து உதிரும், விதை மாதிரியான நுண்தூள். கறுப்புத் தாளையும் வெள்ளைத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குடையை இரண்டிலும் படும்படி வரிப்பக்கம் கீழாக வைத்து, ஒரு கிண்ணத்தால் மூடி, இரவு முழுக்க விடுங்கள். காலையில் வெள்ளையாகவோ இலேசான சாம்பல் ஊதாவாகவோ படிந்திருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் கிரெபிடோட்டஸ் என்ற வேறு காளானாக இருக்கலாம். குட்டிச் சிப்பி மாதிரியே இருக்கும். ஒரு அடையாளம் பொருந்தியதும் அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள், எல்லாம் பொருந்த வேண்டும்.

ஏற்காடு: படம் அனுப்பியிருக்கிறேன், சாப்பிடலாமா?
படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன்.

டோக்கியோ: இங்கே எதைக் கண்டு பயப்பட வேண்டும்?
நல்ல கேள்வி. ட்சுகியோதாகே என்ற விஷக் காளான். பீச் (beech) மரத்தில் சிப்பி போலவே அடுக்காக வரும், இருட்டில் பச்சையாக மினுங்கும். ஜப்பானில் காளான் விஷத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். நெடுக்காக வெட்டினால் காம்படியில் கறுப்புத் திட்டு தெரியும். ஆனால் எல்லாவற்றிலும் தெரியாது. ஸ்போர் தூளும் வெள்ளைதான், அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். ஊசியிலை மரக் கட்டைகளில் வரும் மெல்லிய வெள்ளைக் காளானையும் விட்டுவிடுங்கள். காலங்காலமாக அங்கே சாப்பிட்டு வந்ததுதான். 2004 இலையுதிர் காலத்தில் அதைச் சாப்பிட்டவர்களில் பத்துப் பேருக்கு மேல் மூளை பாதித்து இறந்தார்கள். பலர் ஏற்கெனவே சிறுநீரக நோயாளிகள்.

சிவகங்கை: எங்கள் அப்பத்தா மஞ்சள் போட்டுக் கொதிக்க வைப்பார். நிறம் மாறாவிட்டால் நல்ல காளான். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.
அப்பத்தா வருஷா வருஷம் அதே புற்றில் அதே காளானைத்தான் பறித்திருப்பார். சோதித்தது அவர் கண், மஞ்சள் இல்லை.

சிவகங்கை: அப்படியானால் முன்னோர் அறிவு பொய்யா?
புற்றைத் தெரிந்து வைத்திருந்தாரே, அதுதான் அறிவு. கொடிய அமாடாக்சின் விஷம் மஞ்சளிலும் நிறம் மாறாது, வெள்ளிக் கரண்டியையும் கறுக்க வைக்காது, கொதிக்க வைத்தாலும் அழியாது. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு அப்புறம்தான் வாந்தி, பேதி தொடங்கும். நடுவில் ஒரு நாள் தேறியது போலத் தெரியும். அதற்குள் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும்.

பொள்ளாச்சி: நானும் சிவகங்கை அக்கா கட்சி. நத்தை தின்றால் நமக்கும் ஆகும்தானே?
நத்தை அந்த விஷக் காளானையும் தின்றுவிட்டு ஊர்ந்து போய்விடும். உங்கள் கல்லீரல் நத்தையுடையது இல்லை ஐயா.

கொடைக்கானல்: படம் இணைத்துள்ளேன்...
மேலே சொல்லிவிட்டேன்.

ஈரோடு: புல்தரையில் குடை குடையாக வந்திருக்கிறது, சிப்பியா?
இல்லை. வெட்டவெளிப் புல்லில் வரும் பெரிய வெள்ளைக் குடையில் ஸ்போர் தூள் பச்சையாக விழுந்தால் நிச்சயம் விஷம். சில மணி நேரத்தில் வாந்தி பிடுங்கும். யாராவது சாப்பிட்டுவிட்டிருந்தால் வாந்திக்காகக் காத்திருக்காமல், மீதிக் காளானைக் காகிதப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

மதுரை: சாலையோர மரத்தில் வந்தது அசல் சிப்பிதான், எடுக்கலாமா?
வேண்டாம். மரத்திலும் மண்ணிலும் இருக்கும் ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்களைக் காளான் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காட்டுப் பக்கம் போங்கள். நன்றாக வேக வையுங்கள், முதல் தடவை இரண்டு ஸ்பூனோடு நிறுத்துங்கள்.