மகள் சி.ஏ. படிக்கட்டுமா? விருதுநகர் அம்மாவுக்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா. மகளை சி.ஏ., அதாவது ஆடிட்டர் ஆவதற்கான சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் படிப்பில் சேர்ப்பது பற்றி, "ஆடிட்டர் ஆபீஸ்னா ஊர் ஊரா அனுப்புவாங்களே, பொம்பளப் பிள்ளைக்குச் சரிப்படுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்புவார்கள், உண்மைதான். அனுப்பாத ஆபீஸைக் கண்டால்தான் எனக்குக் கவலை.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண் ஓர் ஆபீஸில் ஆர்டிகிள்ஷிப், அதாவது சி.ஏ. படிப்பில் ஆடிட்டரிடம் பெறும் பயிற்சி, சேர்ந்தாள். கூடச் சேர்ந்த பையன்கள் மார்ச் 31 அன்று மில்லுக்குப் போய்ச் சரக்கிருப்பை எண்ணினார்கள், பஞ்சுப் பொதியைத் தட்டிப் பார்த்தார்கள். இவளுக்கோ "நீ பத்திரமா இங்கயே இரும்மா" என்று ஒரு நாற்காலி. வருஷம் முழுக்க ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டதுதான் மிச்சம். ஆடிட்டர்கள் போல பச்சைப் பேனா பிடித்து, ஒரு வவுச்சரை (செலவுச் சீட்டை) சரிபார்த்து டிக் அடித்ததில்லை. அக்கறை என்ற பெயரில் தொழிலையே கற்றுக்கொடுக்காமல் விட்டார்கள். அங்கே ஸ்டைபண்ட் (பயிற்சிக் காலச் சம்பளம்) வேறு பஸ் செலவுக்கும் மதியச் சாப்பாட்டுக்குமே சரியாகிவிடும்!

அதனால் ஆர்டிகிள்ஷிப்புக்கு முன் விசாரியுங்கள்: பெண் பிள்ளைகளை வெளியூர் ஆடிட்டுக்கு அழைத்துப் போகிறார்களா, தங்க எங்கே ஏற்பாடு, கூட யார் போவார்கள்? தயங்காமல் பதில் சொல்லும் ஆபீஸாகப் பாருங்கள். பெரிய பெயர்ப்பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

இது ஆண்கள் தொழில் என்ற பேச்சு பழசு. சென்னைக்காரரான ஆர். சிவபோகம் 1933-லேயே தேர்வில் தேறி இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் ஆனார். பெண்கள் தொழில் நடத்த அன்று சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதை எதிர்த்துப் போராடி 1937-இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார்.

அடுத்து, கல்யாண வயது. நீங்கள் எழுதாவிட்டாலும் கடிதத்தில் அது தெரிகிறது. இப்போதைய முறையில் ஆர்டிகிள்ஷிப் இரண்டே வருஷம். எந்தத் தேர்விலும் தவறாமல் போனால் 22 வயதில் முடிக்கலாம், ஒன்றிரண்டு முறை தவறினால் 24. தவறுவது இந்தப் படிப்பில் சகஜம். முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷனில் நான்கு தாளிலும் 40 மதிப்பெண் எடுத்தால் மட்டும் போதாது, மொத்தத்தில் 50 சதவீதம், அதாவது 400-க்கு 200 வேண்டும். ப்ளஸ் டூவில் 580 வாங்கிய பிள்ளைக்கு முதல் தோல்வி ரொம்ப வலிக்கும். அந்த வாரம் மாப்பிள்ளைப் பேச்சை எடுக்காதீர்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

பேங்க் பரீட்சை எழுதட்டும் என்கிறார் அவள் அப்பா. நல்ல யோசனைதான், ஆனால் அவசரமில்லை. பி.ஓ. (ப்ரொபேஷனரி ஆபீசர், பேங்கில் அதிகாரியாகச் சேரும் வேலை) தேர்வுக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும், 30 வயது வரை எழுதலாம். 2013-இல் ஸ்டேட் பேங்கின் முதல் பெண் தலைவரான அருந்ததி பட்டாச்சார்யா படித்தது ஆங்கில இலக்கியம். 1977-இல் பி.ஓ.வாகச் சேர்ந்தவர். வெளியூருக்கு அனுப்பக் கூடாது என்பதற்காக பேங்க் வேலையைச் சொல்கிறார் என்றால், பி.ஓ.வை இந்தியா முழுக்க எங்கே வேண்டுமானாலும் மாற்றுவார்கள் என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். சி.ஏ.வோடு தொலைநிலைக் கல்வியில் பி.காம். சேர்த்துவிட்டால் அந்தக் கதவும் திறந்தே இருக்கும்.

ஆபீஸ் பார்க்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். கேள்விகளை மட்டும் மகள் கேட்கட்டும்.