ராஜினாமா கடிதம் கொடுத்தால் இழப்பீடு போய்விடுமா?

கேள்வி: நான் ஒரு கம்பெனியின் நிர்வாக இயக்குநர். ஐந்தாண்டு நியமனத்தில் இன்னும் 20 மாதம் பாக்கி. ராஜினாமா கடிதம் கொடுத்தால் மீதிக் காலச் சம்பளத்தைத் தருவதாக போர்டில் வாய்மொழியாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 202-ன்படி, தானாக ராஜினாமா செய்தவருக்குப் பதவி இழப்புக்கான இழப்பீடு தரக் கூடாது. கம்பெனி இணைப்பு, மறுசீரமைப்பு காரணமாக விலகி, புதிய அமைப்பில் பதவி கிடைக்காதவருக்கு மட்டுமே இந்தத் தடை இல்லை. நாளை போர்டு மனமுவந்து கொடுக்க நினைத்தாலும் உங்கள் கடிதமே குறுக்கே நிற்கும். கம்பெனிதான் நியமனத்தை முடிக்கிறது என்று தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். அதில் 'நிர்வாகச் சீர்கேடு', 'கடும் கவனக்குறைவு' போன்ற சொற்கள் நுழைகின்றனவா என்றும் பாருங்கள். அவை நிரூபணமானால் ஒரு ரூபாய்கூடக் கிடையாது.

இழப்பீட்டின் உச்சவரம்புக் கணக்கு இப்படி: கடைசி மூன்று ஆண்டுகளில் நீங்கள் உண்மையில் ஈட்டிய ஊதியத்தின் சராசரியை எடுக்க வேண்டும். 60, 66, 72 லட்சம் என்றால் சராசரி 66 லட்சம், மாதத்துக்கு 5.5 லட்சம். 20 மாதத்துக்கு 1.10 கோடி. 42 மாதம் பாக்கி இருந்தாலும் 36 மாதத்துக்குத்தான் கணக்கு. அதற்கு மேல் சட்டம் விடாது.

பலர் தவறுவது இங்கேதான்: இது உச்சவரம்பு, உரிமை அல்ல. 'தரலாம்' என்றுதான் சட்டம் சொல்கிறது. நியமன ஒப்பந்தத்தில் மூன்று மாத நோட்டீஸ் சம்பளம் மட்டும் எழுதியிருந்தால், 1.10 கோடியைக் கேட்பது கடினம். அதனால் ஒப்பந்தத்தை முதலில் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். நீங்கள் விலகிய 12 மாதத்துக்குள் கம்பெனி கலைப்புக்குப் போய், பங்குதாரர்கள் போட்ட மூலதனத்தைத் திருப்பித் தரச் சொத்து போதாவிட்டாலும் இழப்பீடு கிடையாது. கம்பெனி நொடித்திருந்தால் தவணையில் வாங்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: நான் நிதித் தலைமை அதிகாரி, இயக்குநர் அல்ல. எனக்கும் இதே வரம்பா?

பதில்: இல்லை. பிரிவு 202 நிர்வாக இயக்குநர், முழுநேர இயக்குநர், சட்டம் வரையறுக்கும் 'மேலாளர்' (போர்டின் கீழ் கம்பெனியின் முழு நிர்வாகத்தையும் நடத்துபவர்) ஆகியோருக்குத்தான். உங்களுக்கு ஒப்பந்தமே பேசும். அதில் ஒப்பந்த மீறலுக்கு ஒரு தொகை குறிப்பிட்டிருந்தாலும், ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 74-ன்படி அதற்கு உட்பட்டு நியாயமான தொகையைத்தான் நீதிமன்றம் வழங்கும். வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் தனிக் கணக்கு. அவற்றை இழப்பீட்டில் கழிக்க விடாதீர்கள்.