எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனர் நிலையாக இயங்குகிறதா என்று எப்படி அளப்பது?

மூளை வேலை செய்வதைக் காந்தப் புலத்தால் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவியில் படம் தெளிவாக வரும்போது நிலைத்தன்மைச் சோதனை எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். தெளிவு வேறு, நிலைத்தன்மை வேறு. மூளை வேலை செய்யும்போது சமிக்ஞை மாறுவது சில சதவீதம்தான். பல சமயம் ஒரு சதவீதத்தைக்கூடத் தாண்டாது. கருவியே அந்த அளவுக்கு ஆடினால் எது மூளை, எது இயந்திரம் என்று பிரிக்க முடியாது.

அதனால் அகார் கூழ் நிரப்பிய உருண்டையைப் படமெடுக்கிறோம். திரவம் உள்ளே சுழலும், கூழ் அசையாது. 2006-இல் ஆய்வாளர்கள் ஃப்ரீட்மனும் குளோவரும் வெளியிட்ட முறைப்படி, 2 விநாடிக்கு ஒன்றாக 200 முறை எடுக்க வேண்டும். உருண்டையின் நடுக் குறுக்குவெட்டுப் படத்தில் 21-க்கு 21 படப்புள்ளிச் சதுரத்தின் சராசரிச் சமிக்ஞையை நேரவரிசையில் வரைந்தால், கருவி சூடேறச் சூடேற கோடு மெல்லச் சாய்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தச் சாய்வை இருபடிக் கோவையால் நீக்கிவிட்டு, எஞ்சும் ஏற்ற இறக்கம் சராசரியில் எத்தனை சதவீதம் என்று கணக்கிடுகிறோம்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆய்வாளர் வைஸ்காஃப் 1996-இல் தந்த சோதனை. சதுரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், புள்ளிக்குப் புள்ளி தொடர்பில்லாத வெறும் இரைச்சல் சதுரத்தின் பக்க அளவுக்கு எதிர் விகிதத்தில் குறைய வேண்டும். குறையாமல் ஓரிடத்தில் நின்றுவிட்டால் புள்ளிகள் எல்லாம் சேர்ந்து ஆடுகின்றன என்று பொருள், கோளாறு கருவியில்தான். உருண்டையை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வையுங்கள். மாதக்கணக்கில் சேர்ந்த வரைபடத்தில்தான் பழுதின் முதல் அறிகுறி தெரியும்.