கன்சோலைக் கழற்றினால் குற்றமா?

கேள்வி: என் பிளேஸ்டேஷன் 5-இன் டிஸ்க் டிரைவ் கெட்டுவிட்டது. வேறொரு டிரைவை மாட்டினேன். டிஸ்க்கை ஏற்கவே இல்லை. மென்பொருள் பூட்டை உடைத்தால் ஓடும் என்கிறார்கள். சட்டம் விடுமா?

பதில்: பூட்டில் கை வைக்காதீர்கள். உள்ளேயே டிரைவ் உள்ள மாடல்களில் டிரைவின் சர்க்யூட் போர்டு மதர்போர்டோடு ஜோடி சேர்க்கப்பட்டிருக்கும். பழைய டிரைவின் போர்டைக் கழற்றிப் புது டிரைவில் பொருத்துங்கள். ரிப்பன் கேபிளின் சிறு தாழ்ப்பாளை நகத்தால் தூக்கிவிட்டு உருவ வேண்டும்; வெறுமனே இழுத்தால் கிழிந்துவிடும். லேசரோ மோட்டாரோதான் கோளாறு என்றால் வேலை இதோடு முடிந்தது, சட்டத்துக்கு இதில் இடமே இல்லை.

அந்தப் போர்டே எரிந்திருந்தால்தான் சிக்கல். அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்னும் பதிப்புரிமைச் சட்டம், எதையும் நகலெடுக்காவிட்டாலும் பூட்டை உடைப்பதையே தவறு என்கிறது. பழுதான டிஸ்க் டிரைவை மாற்ற மட்டும் 2021-இல் விலக்கு கிடைத்தது; வேலை முடிந்ததும் பூட்டைப் பழையபடி போட்டுவிட வேண்டும். ஆனால் அதற்கான கருவியை விற்கத் தடை அப்படியே இருக்கிறது. பழுது பார்க்க அனுமதித்துவிட்டுக் கருவியை மறுப்பது அநியாயம்.

கேள்வி: மாட்சிப் (பூட்டைத் தாண்ட உதவும் சில்லு) வைத்து, நானே எழுதிய விளையாட்டை மட்டும் ஓட்டினால்?

பதில்: நாட்டுக்கு நாடு மாறும். ஸ்மார்ட்போன் பூட்டை உடைக்க 2010-லேயே விலக்களித்த அமெரிக்கா, கன்சோலுக்கு 2012-இல் மறுத்துவிட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல், நின்டென்டோ வழக்கில், பூட்டு தேவைக்கு மீறியதா, அதை உடைக்கும் கருவியை மக்கள் உண்மையில் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கச் சொன்னது. உங்கள் பக்கம் பேச அதில் இடமுண்டு. விற்கத் தொடங்கினால் கதையே வேறு: இத்தகைய கருவிகளை விற்ற டீம் எக்ஸிக்யூட்டர் குழுவைச் சேர்ந்த ஒருவருக்கு 2022-இல் 40 மாதச் சிறை.

வழக்கே வராவிட்டாலும் ஆன்லைன் தடை வரலாம். அது நீங்கள் சம்மதித்த ஒப்பந்தத்தின்படி வருவது. பெரும்பாலும் கன்சோலையே தொடரும். பழைய கன்சோல் வாங்குவோர், பணம் கொடுக்குமுன் ஆன்லைனில் நுழைந்து பாருங்கள்.

கேள்வி: எஸ்எஸ்டி (கூடுதல் சேமிப்பு டிரைவ்) சேர்த்தால் வாரன்டி போகுமா?

பதில்: போகாது, அதற்கான இடத்தை சோனியே விட்டிருக்கிறது. நான்காம் தலைமுறை பிசிஐஇ (இணைப்பு முறை), எம்.2 (அட்டை வடிவம்) வகை வாங்குங்கள். சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் கட்டாயம், அதோடு சேர்த்துத் தடிமன் 11.25 மி.மீ.யைத் தாண்டினால் மூடி உட்காராது.