சோபா தரையில் நிற்காமல் மிதப்பது போல் தெரிகிறது: காரணம் சுவரில் இருக்கலாம்

பிளெண்டர் என்ற முப்பரிமாணப் பட மென்பொருளில் நீங்கள் அமைத்த அறையில் சோபா மிதப்பது போல் தெரிகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் சுவரின் வெள்ளையைக் குறையுங்கள். சுவரின் பேஸ் கலரை, அதாவது அடிப்படை நிறத்தை, தூய வெள்ளையாக, 1.0 என்று வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை 0.8 ஆக்குங்கள்.

வெள்ளையடித்த நல்ல சுவர்கூட தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 80 முதல் 85 சதவீதத்தைத்தான் திருப்பித் தரும். 0.8 என்றால் ஐந்து முறை மோதிய ஒளியில் மூன்றில் ஒரு பங்கே மிஞ்சும். 1.0 என்றால் துளியும் குறையாது. சோபாவுக்கு அடியில் இருக்க வேண்டிய இருட்டையும் அந்த ஒளி நிரப்பிவிடும். கால் தரையைத் தொடும் இடத்தில் மெல்லிய கருங்கோடு இல்லாவிட்டால், எவ்வளவு அழகான துணியைப் போர்த்தினாலும் கண் நம்பாது.

சோதிக்க, நீங்கள் கூரையடியில் வைத்த இரண்டு ஏரியா லைட்டுகளையும் (பரந்த பரப்பிலிருந்து ஒளி தரும் விளக்குகள்) அணைத்து, ஜன்னல் ஒளியில் மட்டும் ஒரு சிறிய ரெண்டர் (மென்பொருள் கணக்கிட்டுத் தரும் படம்) எடுங்கள். அப்போதும் நிழல் வராவிட்டால் பக்கவாட்டுப் பார்வையில் சோபாவின் காலைப் பெரிதாக்கிப் பாருங்கள். காலுக்கும் தரைக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி போதும், ஒளி உள்ளே புகுந்துவிடும்.

அறை இப்போது இருண்டுபோகும். தயவுசெய்து புதிய விளக்கு எதையும் சேர்க்காதீர்கள், நிழல் மறுபடியும் கரைந்துவிடும். படத்தின் மொத்த வெளிச்ச அளவான எக்ஸ்போஷரை உயர்த்துங்கள், ஒன்று கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பாகும். புள்ளிகள் அதிகமாகத் தெரிந்தால் சாம்பிள்களை (ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒளியை எத்தனை முறை கணக்கிடுவது என்ற எண்) கூட்டுங்கள்.

சுவருக்கு ஒரு படத்தை டெக்ஸ்சராக, அதாவது மேற்பரப்பில் ஒட்டும் படமாக, கொடுத்திருந்தால் பேஸ் கலர் எண்ணை மாற்றிப் பயனில்லை, படத்தின் வெளிச்சத்தையே குறைக்க வேண்டும்.